புகைப்படம்: தெரியவில்லை

வடசேரியில், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில்
மேசைகளை ஓரம் தள்ளி
இரட்டை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டிப்
படம் போட்டார்கள்.
மத்தியானத்துச் சாம்பார் வாடை இன்னும் போகவில்லை.
எழுபத்திரண்டு நிமிடம்.
அதில் சாளைத்தலை வாசித்தது
கூட்டிப் பார்த்தால் ஆறு நிமிடம் வராது.

மீதியெல்லாம் பேச்சு.
கண்ணாடி போட்ட ஒருவர், பின்னால் புத்தக அலமாரி,
‘கடற்கரையின் கோபம்’ என்றார்.
மூன்று முறை என்றார்.
டார்வின் கோபப்பட்டு நான் பார்த்தது
ஒரே ஒரு தடவை,
அவன் கிட்டார் பைக்குள் யாரோ
அவிச்ச மரச்சீனியை வைத்துவிட்ட அன்று.

குளச்சல் ஐஸ் பிளாண்டில் அந்த ராத்திரி
இருநூறு பேர் கூடியதாகப் படம் சொல்கிறது.
பத்தொன்பது பேர்.
காவல்காரர் மரியதாசனையும் சேர்த்து.
பங்க் என்று டார்வின் சொன்னதை
பெட்ரோல் பங்க் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டவர்,
காதில் பஞ்சோடு கடைசிவரை இருந்தார்.
மைக் செட் கருங்கல்காரருடையது,
விடிந்தால் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போகவேண்டும்.
தரையெல்லாம் மீன் தண்ணீர்.
குதித்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள்,
தூக்கப் போனவர்களும் விழுந்தார்கள்.
பெண்பிள்ளை என்று நான் ஒருத்தி.
அண்ணன் சட்டை.
ரெக்கார்டு நோட்டு எழுத ஜாஸ்மின் வீட்டில் தங்குகிறேன்
என்றொரு பொய்.

பெஸ்கி அன்றைக்குத் தாளம் தப்பினான்.
படத்தில் அதைத் திருத்தியிருக்கிறார்கள்.
அவன் கை இப்போது சரியாக விழுகிறது,
சவத்துக்குப் பவுடர் போட்டமாதிரி.

பிரிந்தது ஏன் என்று ஒரு பகுதி.
‘கருத்து வேறுபாடு.’
எளவு, என்ன கருத்து?
லிஜோவுக்குக் கத்தார் விசா வந்தது.
பெஸ்கியின் டிரம்மை விற்றுத்தான்
அவன் அப்பாவின் வள்ளத்து எஞ்சினைப் பார்த்தார்கள்.
டார்வின் ஒற்றைக்கு நின்று கொஞ்சநாள் கத்தினான்,
பிறகு மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை.
இதற்கு எதற்கு வயலின்?

வயலின் முடிகிற இடத்தில் அந்தப் புகைப்படம்.
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே மல்லாந்து கிடக்கிறான் டார்வின்,
மைக் வயர் கழுத்தில்,
திறந்த வாயில் ஒரு கடைவாய்ப்பல் இல்லை.
பாதிதான் வெளிச்சம்.
மூலையில் மங்கலாக ஒரு விரல்.
ஹால் முழுக்க அப்படியே அமர்ந்துவிட்டது.
கீழே சின்ன எழுத்தில்
புகைப்படம்: தெரியவில்லை.

அந்த விரல் என்னுடையது.
கீறல் விழுந்த நோக்கியா.
படம் விழ அதற்கு மூன்று நொடி ஆகும்.
மூன்று நொடியும்
யாருடைய முழங்கையோ என் விலாவில்.
புளூடூத்தில் லிஜோவுக்கு அனுப்பினேன்,
அவன் யாருக்கு அனுப்பினானோ.

விளக்கைப் போட்டு, ‘கேள்வி இருக்கா’ என்று
மைக்கை நீட்டினான் படமெடுத்த தம்பி.
எனக்கு முப்பத்தாறு வயது.
தக்கலையில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று
நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்.
அந்த விலாவையும் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.

கையைத் தூக்கினேன்.
‘அந்தக் கடைசிப் பாட்டைத்
திருத்தாம ஒருக்கா போட முடியுமா?’
‘லேப்டாப்ல இருக்குக்கா, சத்தம் மோசமா இருக்கும்.’
‘போடு.’

நாற்பத்தொன்பது நொடி.
ஐஸ் இல்ல ஐஸ் இல்ல
எங்கப்பன் மீனுக்கு ஐஸ் இல்ல
மொதலாளி பீருக்கு ஐஸ் உண்டு லேய்
ஐஸ் உண்டு ஐஸ் உண்டு
பெஸ்கி தப்பினான், அதே இடத்தில்,
இரும்பு பக்கெட் மாடிப்படியில் உருள்கிறமாதிரி.
உடனே ஒரு பெண்குரல், கீச்சென்று:
‘சவமே, ஒழுங்கா அடி!’
ஹால் சிரித்தது.
யார் அது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தக்கலைக்கு ஒன்பது ஐம்பதுக்குப் பஸ்.
எழும்பும்போது ஒரு காலில் செருப்பில்லை.
குனிந்து தேடினேன்.
மூன்று வரிசை தள்ளி
மேசைக்கடியில் கிடந்தது.